சாப்பாடு, உடம்பு, ஊர்வாய்: மட்டக்களப்புக் கரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில் கல்லாறு, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று இந்தக் கரையோர ஊர்களில் உளவளத்துணை வேலை பார்க்கிறேன். சாப்பாட்டையும் உடம்பையும் பற்றிய கேள்விகள் என் அறைக்குள் வருவது குறைவு. பஸ்ஸில் வரும், கோயில் வீதியில் வரும், கலியாண வீட்டில் கை கழுவுகிற இடத்தில் வரும். "ஒரு கதை கேக்கணும் மிஸ்" என்று தொடங்கும். "எனக்கில்ல, என்ட கூட்டாளி ஒராளுக்கு" என்று தொடரும். அப்படிக் கேட்கப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை, ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை எடுத்துவிட்டு, கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

நீங்க டொக்டரா? இதெல்லாம் சொல்ல உங்களுக்கு என்ன தெரியும்?

டொக்டர் இல்லை. மருந்து எழுத மாட்டேன், நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் இந்தக் கிணற்றுக்குள் ஒருமுறை விழுந்து ஏறியவள்.

1994இல் எனக்குப் பதினைந்து வயது. சாமத்திய வீடு, அதாவது பெரிய பிள்ளையான சடங்கு, முடிந்த கையோடு உடம்பு வைத்துவிட்டது. வகுப்பில் 'நெல்லு மூடை' என்று பட்டம் வைத்தார்கள். பெரியம்மாவும் அதைக் கேள்விப்பட்டு, சிரிப்புக்கென்று வீட்டில் அப்படியே கூப்பிடத் தொடங்கினா. நான் சாப்பாட்டை விட்டேன். அம்மா விடிய எழும்பிப் பிட்டு அவித்து, முதல் நாள் மீன் கறியை ஊற்றிக் கோப்பையில் தருவா. நான் கிணற்றடிக்குக் கொண்டுபோய், வாழைக்குப் பின்னால் கொட்டிவிட்டு வெறும் கோப்பையோடு திரும்புவேன். மூன்று மாதம் ஒருவருக்கும் தெரியாது.

காட்டிக்கொடுத்தது காகம். விடிந்தால் வாழைக்குள் பத்து இருபது காகம் வந்து குந்தியிருக்கத் தொடங்கிவிட்டது. நான் கோப்பையோடு குசினிக் கதவைத் திறந்தால் அத்தனையும் ஒன்றாகக் கத்தும். ஒருநாள் அம்மா பின்னாலேயே வந்து நின்றா. அடிக்கவில்லை, பேசவில்லை. குனிந்து, கொட்டிக் கிடந்த பிட்டில் மண் படாத மேல்பகுதியை மட்டும் விரலால் கூட்டிக் கையில் எடுத்தா. அதை என்ன செய்தா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த வருடம் ஐந்து மாதம் எனக்கு மாதவிடாய் வரவில்லை. தலைமுடி கொத்தாக வந்தது. ஒரு வைத்தியசாலையில் "ரத்தம் காணாது" என்று சொல்லி டொனிக் தந்து அனுப்பினார்கள். "சாப்பிடுறியா மகள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு கதை.

"மெலிஞ்சு போயிட்டீங்க", "நல்லா வெச்சிட்டீங்க" எண்டு சொல்றது எங்கட ஊர்ல சுகம் விசாரிக்கிற முறைதானே? அதில என்ன பிழை?

முறைதான். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்றும் தெரியும். பஞ்சமும் வயிற்றோட்டமும் மலேரியாவும் ஆளைத் தின்ற காலத்தில், ஒருவரின் கன்னத்தில் சதை தெரிந்தால் அது நல்ல சேதி. மெலிவு என்றால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் "வெச்சிட்டா" என்பது வாழ்த்து. இன்று அதே வாயால் அதே சொல்லைச் சொல்கிறோம், கேட்கிறவளின் காதில் விழுவது வேறு.

பிரசவம் முடிந்து ஆறு மாதமானவள், தைரொயிட் மாத்திரை குடிப்பவள், மனநல மருந்து தொடங்கியவள், பிள்ளை இல்லை என்று ஹோர்மோன் ஊசி போடுபவள், இவர்களுக்கெல்லாம் உடம்பு ஊதலாம். புற்றுநோய்க்கும் துக்கத்துக்கும் மெலியும். நடுவீதியில் "என்னகா இப்பிடி ஆகிட்டாய்?" என்று கேட்டால், அவள் ஒன்றில் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும், அல்லது சிரித்து மழுப்ப வேண்டும். அநேகம் பேர் சிரிக்கிறார்கள். பிறகு அடுத்த கலியாண வீட்டுக்கு வருவதில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அதைவிட அழகான விசாரிப்பு நம்மிடம் இல்லை. உடம்பைத் தொடாமல் ஆளைத் தொடுகிற கேள்வி அது.

எங்கட அம்மா கோப்பையில ஒரு பருக்கை மிஞ்ச விடமாட்டா. வயிறு நிரம்பினாலும் தின்னத்தான் வேணும். இப்ப எனக்கு 38 வயசு, மிச்சம் வைக்கவே பயமா இருக்கு. இது வருத்தமா?

வருத்தம் இல்லை, வரலாறு.

என்னுடைய அம்மாவைச் சொல்கிறேன். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தபோது நான் அவவின் வயிற்றில். தென்னையெல்லாம் முறிந்து கிடந்தது, கூரை போனது, கிழமைக் கணக்கில் நனைந்த அரிசியைக் காயவைத்துக் கஞ்சி காய்ச்சினார்களாம். 1990இல் பள்ளிக்கூடம் ஒன்றில் அகதிகளாக இருந்தோம். நிவாரண மாவும் பருப்பும் சீனியும்தான். அம்மா ஒரு தகரப் பேணியால் மாவை அளந்து எடுப்பா. தான் உண்ணாமல் எங்களுக்குத் தந்தாவா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. பிறகு 2004 சுனாமி. 2007இல் வாகரைப் பக்கமிருந்து வந்த சொந்தங்கள் எங்கள் வளவில். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசை, பால்மா இல்லை.

இன்றும் அம்மாவின் குசினியில் மூன்று பெரிய பிஸ்கற் தகரம் நிறைய மா இருக்கிறது. நாங்கள் இருவர்தான் வீட்டில். மா பழுதாகும், வண்டு வரும். அம்மா அதை அரிதட்டில் போட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, வண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டுத் திரும்பத் தகரத்துக்குள்ளேயே கொட்டுவா. "எறிங்கம்மா" என்றால், "எறிஞ்சவளுக்குத்தான் தெரியும்" என்று ஒரு பார்வை பார்ப்பா. கிணற்றடிப் பிட்டை இரண்டு பேரும் மறக்கவில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பைத்தியம் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம், 1944க்கும் 1945க்கும் இடையில், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆண்களை அவர்கள் சம்மதத்தோடு 24 கிழமை அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். எல்லாரும் நல்ல சுகதேகிகள், இளந்தாரிகள். பட்டினி ஏற ஏற, அவர்களுக்குப் பேச்செல்லாம் சாப்பாடாயிற்று. சமையல் புத்தகம் சேர்த்தார்கள். கோப்பையை நக்கினார்கள். ஒரு நேரச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். எரிந்து விழுந்தார்கள். திரும்ப வயிறாரக் கொடுத்த பிறகும், எவ்வளவு தின்றாலும் நிரம்பவில்லை என்று சிலர் பல மாதம் சொன்னார்கள். 24 கிழமைக்கே அப்படி என்றால், ஆயுளில் நாலைந்து தரம் எல்லாவற்றையும் இழந்தவர்களை எண்ணிப்பாருங்கள்.

ஆகவே அம்மாவோடு சண்டை வேண்டாம். பானையில் இருந்து எடுக்கும்போதே பாதி எடுங்கள், பிறகு இரண்டாம் தரம் போடுங்கள். அவவுக்குச் சந்தோசம், உங்களுக்கு அளவு. மிஞ்சியதைக் கொட்டாமல் மூடி வையுங்கள். எறியாமல் நிறுத்தலாம் என்று உங்கள் கை பழகுவதற்குச் சில மாதம் எடுக்கும்.

மகள் பெரிய பிள்ளையாகி நாலு மாசம். முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி எண்டு குடுத்தம். இப்ப "நீங்கதான் என்னைக் குண்டாக்கினீங்க" எண்டு அழுறாள். பிழை விட்டுட்டமா?

நீங்கள் கொடுத்தது நல்ல சாப்பாடு. உழுந்து, முட்டை, எள்ளெண்ணெய் எல்லாம் வளரும் பிள்ளைக்கு வேண்டியவை. முட்டையை மட்டும் பச்சையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள், பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். இடுப்பிலும் தொடையிலும் நெஞ்சிலும் சதை வைப்பது களியால் அல்ல. அந்த வயதில் ஹோர்மோன் செய்கிற வேலை அது, களி இல்லாத நாட்டிலும் நடக்கும்.

எனக்குக் கவலை வேறு. நேற்று வரை ஓடித் திரிந்த பிள்ளையை இழுத்துவந்து, சேலை கட்டி, வீடியோக்காரன் முன்னால் மூன்று மணித்தியாலம் திருப்பித் திருப்பி நிற்கவைத்து, ஆளுயரப் படத்தைச் சந்தியில் பனராகத் தொங்கவிடுகிறோம். வருகிறவர்கள் எல்லாரும் அவளைப் பார்க்க வந்தவர்கள். "ஆள் நல்ல வளர்த்திதான்" என்று அவள் காது கேட்கவே பேசுவார்கள். தன் உடம்பு ஊர்ச்சொத்து என்று ஒரு பிள்ளை முதன்முதலாகப் படிப்பது அந்த மேடையில்தான். சடங்கை விடச் சொல்லவில்லை. பனர் வேண்டுமா என்று அவளிடம் ஒருக்கால் கேட்கலாம்.

மகள் கிழமையில நாலு நாள் விரதம் எண்டுறாள். சாமி காரியம், தடுக்கலாமா? பக்தியா வருத்தமா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

என்னிடம் வருகிற கேள்விகளில் ஆகக் கஷ்டமானது இது.

நம்முடைய விரதங்களுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. கந்தசஷ்டி ஆறு நாள். கேதார கௌரி 21 நாள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்திச் சடங்கு முடியும் வரை பல வீடுகளில் மீன் இறைச்சி காய்ச்சுவதில்லை. தொடக்கம் இருக்கும், முடிவு இருக்கும், முடிவில் பாறணை இருக்கும், அன்று எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். விரதத்தை முடிப்பதில் ஒரு சந்தோசம் உண்டு. முடிக்கப் பயப்படுகிறாளா என்று பாருங்கள். பாறணைச் சோற்றை அளைந்துவிட்டு எழும்புகிறாளா? ஒரு விரதம் முடிய இன்னொன்று புதிதாக முளைக்கிறதா? கோயிலுக்குப் போகாத நாளிலும் விரதமா? நிறை பார்க்கும் மெசினில் ஏறி ஏறி இறங்குகிறாளா? நேர்த்தி யாருக்கு என்று கேட்டால் பதில் வருகிறதா?

உடம்பும் சொல்லும். மாதவிடாய் நிற்கும். வெயிலிலும் குளிரும். முதுகிலும் கையிலும் பூனைமயிர் முளைக்கும். எழும்பினால் தலை சுற்றும். நெஞ்சு மெல்ல அடிக்கும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் நாள் பார்க்காதீர்கள், வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அனோரெக்சியா என்று சொல்லப்படும் இந்த வருத்தம், மனநோய்களுக்குள் உயிர் எடுப்பதில் முன்வரிசையில் நிற்பது.

எங்கள் பிள்ளைகளில் பலர் "குண்டாகிடுவன்" என்று சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். "பசிக்கல", "வயிறு ஊதுது", "மணம் பிடிக்கல" என்பார்கள். 1990களில் ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மனநல வைத்தியர் இதையேதான் கண்டார். அங்கே பட்டினி கிடந்த பெண்களில் பலருக்கு கொழுப்பைப் பற்றிய பயமே இல்லை, வயிறு உப்புகிறது என்றார்கள். வெள்ளைக்காரர் புத்தகத்தில் எழுதியிருந்த காரணத்தைச் சொல்லாததால் அவர்களுடையது வருத்தம் இல்லை என்று ஆகிவிடாது. பட்டினிக்கு ஒவ்வொரு ஊரும் தனக்குத் தெரிந்த ஒரு சாட்டுச் சொல்கிறது. எங்கள் ஊரில் அது சில நேரம் சாமி பெயரில் வரும்.

அவளைத் தடுக்கும்போது சாமியைத் திட்டாதீர்கள். "சுகமில்லாத ஆள் விரதம் பிடிக்கத் தேவையில்ல மகள், பாலும் பழமும் எடுத்துப் பிடிக்கலாம்" என்று அவள் மதிக்கிற குருக்களோ அம்மன் கோயில் பூசகரான கப்புகனாரோ சொன்னால் வேலை செய்கிறது. இரண்டு வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் சரிவந்தது.

நீண்ட நாள் சாப்பிடாமல் இருந்தவளுக்குத் திடீரென்று வயிறுமுட்டக் கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புகளின் அளவு குழம்பி இதயத்தைப் பாதிக்கும். வைத்தியர் சொல்லும் அளவில் கூட்டுங்கள்.

சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள உம்மா நோன்பை விடமாட்டா எண்டுறா. என்ன செய்ற?

காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் வருடாவருடம் கேட்கப்படும் கேள்வி. நோயாளிக்குச் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. விட்டதைப் பிறகு பிடிக்கலாம், தீராத நோயென்றால் ஏழைக்கு உணவளிக்கலாம். இதை நான் சொல்வதைவிட உங்கள் மௌலவி சொல்வது நல்லது. நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முந்தியே கிளினிக்கில் கதைத்து மருந்து நேரத்தை மாற்றுங்கள். விரலில் குத்தி சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ அந்த இடத்திலேயே நோன்பைத் திறக்க வேண்டும்.

உம்மா நோன்பை விட மறுப்பது பிடிவாதத்தால் அல்ல என்பதும் விளங்க வேண்டும். இஃப்தாருக்கு எல்லாரும் கஞ்சிக் கோப்பையோடு குந்தும்போது தான் மட்டும் நோன்பில்லாதவள் என்பது அவவுக்கு வீட்டை விட்டு வெளியே நிற்கிற மாதிரி. அந்தக் கஞ்சியை அவவைக் கொண்டே காய்ச்ச விடுங்கள்.

பகல் முழுக்கச் சாப்பிட மாட்டன். ராவைக்கு எல்லாரும் படுத்த பிறகு தொடங்கினா நிறுத்த ஏலாது. மறுகா விரலை விட்டுச் சத்தி எடுப்பன். ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்துவிட்டது, ஆகவே இனி ஒருவருக்கும் தெரியாது என்று இல்லை. அது நல்லது.

இரவில் நடப்பதற்கு வேர் பகலில் இருக்கிறது. பகலில் பட்டினி கிடந்த உடம்பு இரவில் கணக்கைத் தீர்க்கிறது. மினசோட்டா ஆண்களுக்கு நடந்ததும் அதுதான். "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று உங்களை நீங்களே திட்டுவதை முதலில் நிறுத்துங்கள். மூன்று வேளையும், நடுவில் சின்னதாக ஏதாவதும், பசிக்கிறதோ இல்லையோ நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்குங்கள். விசர்த்தனமாகத் தோன்றும். இதற்குச் செய்கிற சிகிச்சையில் முதல் படியே இதுதான்.

சத்தி எடுப்பதால் பொட்டாசியம் குறையும், அது இதயத் துடிப்பைக் குழப்பும். நெஞ்சு படபடத்தால், கால் கை சோர்ந்தால், சத்தியில் ரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. எடுத்த கையோடு பல் தீட்டாதீர்கள். அமிலத்தோடு சேர்த்துத் தேய்த்தால் பல்லின் மேல்படை கரையும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணித்தியாலத்துக்கு மேல் விடுங்கள். இதை எழுதுவது சத்தி எடுக்க வழி சொல்வதற்கு அல்ல, நிறுத்தும் வரைக்கும் உங்கள் பல் இருக்க வேண்டும் என்பதற்கு.

எல்லாம் இந்த டிக்டொக்கால. போனைப் பறிச்சாச் சரிதானே?

பாதி உண்மை. பிஜித் தீவுகளில் நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. அங்கேயும் நம்மைப் போலத்தான், சதைப்பிடிப்பான உடம்புக்குத்தான் மரியாதை, மெலிந்தால் வீட்டார் கவலைப்படுவார்கள். ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த வருடமும் 1998இலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டார். நிறை குறைக்கச் சத்தி எடுப்பதாக முதல் தடவை ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் நூற்றுக்குப் பதினொரு பேர் சொன்னார்கள். திரைக்குப் பலம் இருக்கிறது, மறுக்க ஏலாது. இப்போது திரை சட்டைப் பைக்குள்.

ஆனால் 1994இல் நான் பிட்டைக் கொட்டியபோது எங்கள் வீட்டில் கரண்டே இல்லை. 'நெல்லு மூடை' போனில் வரவில்லை. போனைப் பறிக்கும் முன்னால் வீட்டுக்குள் இருக்கும் பட்டங்களைப் பறியுங்கள்: குண்டச்சி, பூசணி, நெத்தலி, கறுப்பி.

கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை. பிளவுஸ் பத்தல. கெதியா மெலிய ஏதாவது?

பிளவுஸைப் பெருப்பியுங்கள்.

கிண்டல் இல்லை. தையல் கடையில் அக்கா நாடாவைச் சுற்றிவிட்டு, பெடியன்களும் நிற்கிற கடையில், உள்ளே கொப்பி எழுதுகிற பிள்ளைக்கு அளவைச் சத்தமாகக் கூப்பிட்டுச் சொல்லுவா. அந்த நேரம் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைக்காத பெண்ணை நான் கண்டதில்லை. இழுத்த வயிற்றுக்குத் தைத்த பிளவுஸ் எப்படிப் பத்தும்? அளவெடுக்கும்போது மூச்சை விடுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டாம், எழுதிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அபாயா உடுத்துகிற கூட்டாளிகளுக்கு இந்தக் கரைச்சல் இல்லை என்று நினைத்திருந்தேன். "உள்ள இருக்கிற உடம்பை வெளியாள் பார்க்காட்டி என்ன, மாமி பார்க்கிறாதானே" என்று கல்முனைச் சிநேகிதி ஒருத்தி சொன்னாள்.

மெலிவதற்கு விற்கிற தூள், தேத்தண்ணி, மாத்திரை எதையும் வாங்காதீர்கள்.

கிறீம் பூசினா வெளுக்குமா? "பிள்ளை கறுப்பு" எண்டு ஒரு சம்பந்தம் தட்டிப்போச்சு.

சில கிறீம்கள் வெளுக்க வைக்கும், அதுதான் பிரச்சினை. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கும், தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், வயிற்றில் பிள்ளை இருந்தால் அதையும். முந்தி சர்வதேச ஒப்பந்தப்படி ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இருந்தது, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்க்கவே கூடாது. பான்சிக் கடையில் விற்கிற, செய்தவன் பெயரோ சேர்மானமோ எழுதாத டப்பாவில் எவ்வளவு என்று யார் அளந்தது? வேறு சிலவற்றில் கடுமையான ஸ்டீரொயிட். முதல் மாதம் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயிலில் எரியும். விட்டால் முகம் வெடிக்கும். பூசிக்கொண்டிருப்பவர்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள்.

தட்டிப்போன சம்பந்தத்தைப் பற்றி: வயலில் நின்று கறுத்த அப்பனின் காசில் சீதன வீடு கேட்டுவிட்டு, மகளின் நிறத்தில் குறை சொன்ன ஆட்கள். நல்லது நடந்திருக்கிறது.

பிஎம்ஐ 24 எண்டு வந்தது. கிளினிக்கில "கூட" எண்டாங்க. 25 வரைக்கும் சரிதானே?

பிஎம்ஐ என்றால் உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று பார்க்கிற கணக்கு. அதற்கு இரண்டு கோடு இருக்கிறது. ஐரோப்பியருக்கு 25 என்று போட்ட கோடு ஆசியருக்குப் பொருந்தாது, நமக்குக் குறைந்த நிறையிலேயே சீனியும் பிரஷரும் வருகிறது என்று 2004இல் உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் 23 என்ற கோட்டைச் சேர்த்தார்கள். கோடு தாண்டினால் ரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று பொருள், நீங்கள் பிழையான ஆள் என்று அல்ல. இந்தக் கணக்கை 1830களில் கண்டுபிடித்த பெல்ஜியக்காரர் கெட்டலே வைத்தியரே இல்லை, புள்ளிவிபரக்காரர். கூட்டத்தை அளக்கச் செய்தது. ஒரு ஆளுக்கு இடுப்புச் சுற்றளவு இன்னும் பயன்: பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், ஆணுக்கு 90.

சீனி வருத்தம். சோத்தை விடச் சொல்றாங்க. சோறு இல்லாட்டி சாப்பிட்ட மாதிரியே இல்ல.

எப்படி இருக்கும்? படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் நெல்தான் காசு, நெல்தான் சீதனம், நெல்தான் மரியாதை. "சாப்பிட்டியா" என்றால் "சோறு தின்றாயா" என்றுதான் அர்த்தம். பெரிய வயற்காரரான ஒரு போடியாரிடம் சோற்றை விடு என்பது பெயரை மாற்று என்பது மாதிரி.

விடத் தேவையில்லை. கோப்பையின் பாதியை மரக்கறிக்கும் கீரைச் சுண்டலுக்கும் விடுங்கள். கால்வாசி மீன், முட்டை, பருப்பு. மிச்சக் கால்வாசி சோறு. முதலில் மரக்கறியும் மீனும், கடைசியில் சோறு என்று தின்றால் சீனி ஏறுவது மெதுவாகும். சிவப்பரிசி நல்லது, ஆனால் அதுவும் சோறுதான். குரக்கன் பிட்டும் அப்படித்தான், மருந்தென்று நினைத்து மூன்று குழல் தின்றவரை எனக்குத் தெரியும். எருமைத் தயிர் தின்னலாம். அதன் மேல் ஊற்றுகிற பாணியில்தான் சிக்கல். மருந்து எடுத்துவிட்டுச் சாப்பாட்டை மட்டும் தவிர்க்காதீர்கள், சீனி ஒரேயடியாக இறங்கிவிடும்.

ஆம்பிளையளுக்கும் இது வருமா?

வரும், சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். புது மருமகனுக்கு மாமி போடுகிற சாப்பாடு இருக்கிறதே, வேண்டாம் என்றால் குற்றம், தின்றால் வருடம் முடியத் தொப்பை. இன்னொரு பக்கம் கட்டாரில் நாலு வருடம் குப்பூஸும் கோழியும் தின்று இரவு வேலை செய்து ஊதி வந்தவரை, விமான நிலையத்திலேயே "காசு வயித்தில தெரியுது" என்பார்கள். ஜிம்மில் ஹோர்மோன் ஊசி போடுகிற பெடியன்களும் இருக்கிறார்கள். அந்த ஹோர்மோன் விந்தணுவைக் குறைக்கும், ஈரலையும் இதயத்தையும் தாக்கும். மெலிந்த ஆணை "ஆம்பிளையா நீ" என்று கேட்ட வாய்களுக்கும் அதில் பங்கு உண்டு.

மனசு நோகாம "போதும்" எண்டு எப்பிடிச் சொல்ற?

"நல்லாருக்கு மாமி, கொஞ்சம் கட்டித் தாங்க, நாளைக்குத் தின்னுறன்." இது எங்கும் தோற்றதில்லை. கோப்பைக்கு மேல் கையை விரித்து மறைத்தபடி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சொல்லி முடிக்கும் முன் அகப்பை வந்துவிடும்.

உதவிக்கு எங்க போற? ஊருக்குத் தெரிஞ்சா பிள்ளைட வாழ்க்கை போயிடும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. கல்முனைப் பக்க ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக் நாள் உண்டு, உங்கள் ஊர் மிட்வைஃபைக் கேட்டால் எந்த நாள் என்று சொல்லுவா. நேரே போகக் கூச்சமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள். எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையென்றால் 1929உம் இருக்கிறது.

மனநலக் கிளினிக் வாசலில் தெரிந்த முகம் கண்டுவிடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. முதல் தடவை வெளிநோயாளர் பிரிவில் துண்டெடுத்து, "மாதவிடாய் நிண்டிருக்கு, நிறை இறங்குது, சாப்பாடு இறங்குதில்ல" என்று உடம்பு வருத்தமாகவே சொல்லுங்கள். பொய் இல்லை அது. அங்கிருந்து அவர்களே அனுப்புவார்கள். கடைசியாக மாதவிடாய் வந்த திகதி, ஆறு மாதத்துக்கு முந்திய நிறை, குடிக்கிற மருந்துகள், இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியருக்கு நேரம் குறைவு. போகிற வழியில் பிள்ளைக்கு என்ன தின்னப் பிடிக்கும் என்று கேட்காதீர்கள். ஜன்னல் பக்கம் இருக்க விட்டால் போதும்.